கடல் நீரின் வெப்பம்: கப்பல்கள் எடுத்த கணக்கும் அதில் கண்ட பிழையும்

சித்திரை, வைகாசி மாத நண்பகலில் கிணற்றில் இறங்கிக் குளித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். மேல் நீர் வெதுவெதுப்பாக இருக்கும். ஓர் ஆள் ஆழம் முங்கினால் காலில் சில்லென்று குளிர்ந்த நீர் தட்டுப்படும். வெயிலின் சூடு மேலிருந்து வருகின்றது. சூடான நீர் எடை குறைந்தது. ஆதலால் அது மேலேயே நிற்கின்றது. குளிர்ந்த நீர் கனமானது; அது அடியில் தங்குகின்றது. கடலிலும் இதே நிலைதான். ஆனால் கிணற்றில் ஓரிரு மீட்டரில் நிகழும் இந்த மாற்றம் கடலில் பல நூறு மீட்டர் ஆழம்வரை பரந்து கிடக்கின்றது.

கடலின் மேற்பரப்பு எவ்வளவு சூடாக உள்ளது என்பதைச் செயற்கைக் கோள்கள் இன்று வானிலிருந்தே காட்டி விடுகின்றன. அதற்கு அடியில் உள்ள சூட்டை அவை நேரடியாகக் காண இயலாது. அதனைக் கருவியை நீருக்குள் இறக்கித்தான் அளக்க வேண்டும். ஏறத்தாழ 250 ஆண்டுகள் இந்த வேலையைச் செய்து வந்தவை கப்பல்களே. அவை எவ்வாறு அளந்தன, அதில் என்ன பிழை நேர்ந்தது, அப்பிழை எவ்வாறு கண்டு திருத்தப்பட்டது என்பதை இக்கட்டுரையில் காண்போம். மழையளவும் பயிர்க் கணக்கும் எழுதி வைக்கும் உழவர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு.

ஆழத்து வெப்பம் ஏன் தெரிய வேண்டும்?

கடல் மிகப் பெரிய வெப்பக் களஞ்சியம். பூமியைச் சூழ்ந்துள்ள காற்று மண்டலம் முழுவதையும் ஒரு டிகிரி சூடேற்றத் தேவைப்படும் வெப்பம், கடலின் மேல் மூன்று மீட்டர் நீரை ஒரு டிகிரி சூடேற்றவே சரியாகிவிடும். நிலக்கரி, பெட்ரோல் போன்றவற்றை எரிப்பதால் உண்டாகும் வாயுக்கள் பூமியில் தேக்கிவைக்கும் கூடுதல் வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கடலுக்குள்தான் செல்கின்றது. எனவே பூமி சூடாகின்றதா, எவ்வளவு வேகமாக என்ற கேள்விக்கு விடை காண வேண்டுமானால் கடலின் ஆழத்துக் கணக்கைப் பார்த்தாக வேண்டும்.

இரண்டாவது காரணம் நமக்கு இன்னும் அண்மையிலுள்ளது. வங்கக் கடலில் உருவாகும் புயல், கடலின் சூட்டிலிருந்தே வலிமை பெறுகின்றது. புயற்காற்று கடலைக் கலக்கும்போது அடியிலுள்ள நீர் மேலே வருகின்றது. அந்த நீர் குளிர்ந்ததாக இருந்தால் புயலுக்குக் கிடைக்கும் வெப்பம் குறைகின்றது; புயலும் தளரக்கூடும். சூடான நீர் ஆழம்வரை இருந்தாலோ, எவ்வளவு கலக்கினாலும் சூடான நீரே மேலே வரும். புயல் மேலும் வலுக்க வாய்ப்பு உண்டு. 2008ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் பர்மாவின் ஐராவதி கழிமுகத்து நெல் வயல்களை அழித்து, இலட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன நர்கீஸ் புயல், வழக்கத்தைவிட ஆழம்வரை சூடேறியிருந்த வங்கக் கடற்பகுதியின் மேல் வந்தபோதுதான் மிக விரைவாக வலுவடைந்தது என்று பின்னர் ஆய்வில் கண்டனர். ஒரு பகுதியில் சூடான நீர் வழக்கத்தைவிட ஆழமாக உள்ளது என்று சொல்வதற்கு, அங்கு வழக்கமான ஆழம் என்ன என்பது முன்னரே தெரிந்திருக்க வேண்டும். அந்த அறிவு பழைய கப்பல் அளவைகளிலிருந்து சேர்ந்ததாகும்.

வாளியில் தொடங்கிய வேலை

1751ஆம் ஆண்டு ஹென்றி எல்லிஸ் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர், ஆப்பிரிக்காவுக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் ஒரு சோதனை செய்தார். அவர் நடத்தியது அடிமைகளை ஏற்றிச் செல்லும் வணிகக் கப்பல். ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற அறிஞர் வடிவமைத்துக் கொடுத்த ஒரு வாளி அவரிடம் இருந்தது. அதன் மேலும் கீழும் கதவுகள் உண்டு. வாளி இறங்கும்போது இரு கதவுகளும் திறந்து நீர் உள்ளே புகுந்து வெளியேறும். மேலே இழுக்கும்போது இரண்டும் மூடிக்கொள்ளும். ஆகவே கடைசியாக நின்ற ஆழத்து நீர் வாளிக்குள் சிறைப்பட்டு மேலே வரும். உள்ளே ஒரு வெப்பமானியும் இருந்தது.

எல்லிஸ் ஐயாயிரம் அடிக்கு மேல் கயிறு விட்டு அளந்தார். மேலே காற்றின் வெப்பம் 84 டிகிரி பாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 29 டிகிரி செல்சியஸ். ஆழத்திலிருந்து வந்த நீர் 53 டிகிரி பாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 12 டிகிரி செல்சியஸ் மட்டுமே இருந்தது. சுட்டெரிக்கும் வெப்ப நாட்டுக் கடலுக்கு அடியில் இவ்வளவு குளிர்ந்த நீரா என்று வியந்தார்கள். அந்த நீரைக் கொண்டு குடிக்கும் பானங்களையும் குளிர வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் இந்த அளவையில் ஒரு குறை உண்டு. பல ஆயிரம் அடியிலிருந்து வாளி மேலே வர நெடுநேரம் ஆகும். வழியிலுள்ள சூடான நீர் வாளியையும் சூடாக்கிவிடும். எனவே அடியில் இருந்த உண்மையான வெப்பம் இதைவிடக் குறைவாகவே இருந்திருக்கும். அளப்பது ஒன்று, அளந்ததை மாறாமல் மேலே கொண்டு வருவது மற்றொன்று. அடுத்த நூறு ஆண்டுகளுக்குக் கடலாய்வாளர்கள் போராடியது இந்த இரண்டாவது பணியில்தான்.

சாலஞ்சர் கப்பலின் பயணம்

1872ஆம் ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்திலிருந்து சாலஞ்சர் என்ற கப்பல் புறப்பட்டது. போர்க் கப்பலான அதன் பீரங்கிகளில் பெரும்பாலானவற்றை இறக்கிவிட்டு ஆய்வுக் கூடங்களை அமைத்திருந்தார்கள். வைவில் தாம்சன் என்பவர் ஆய்வுக் குழுவின் தலைவர். மூன்றரை ஆண்டுகள் உலகைச் சுற்றி, 68,890 கடல் மைல் பயணம் செய்து, 1876ஆம் ஆண்டு மே மாதம் கப்பல் திரும்பியது. வழியில் 362 இடங்களில் நின்று கடலை ஆராய்ந்தனர்.

அவர்கள் பயன்படுத்திய வெப்பமானி, வானிலை நிலையங்களில் நாம் காணும் உச்ச, நீச வெப்பமானியைப் போன்றது. பாதரசம் தள்ளிய சிறு குறிமுள், எட்டிய இடத்திலேயே நின்றுவிடும். ஆகவே கருவி மேலே வந்த பிறகும் மிகக் குறைந்த வெப்பம் எது என்பதைப் படித்துக்கொள்ளலாம். கடலாழத்து அழுத்தம் கண்ணாடிக் குமிழை நசுக்கிப் பொய்யளவு காட்டாமலிருக்கக் குமிழுக்கு மேல் இன்னொரு கண்ணாடிக் குமிழை உறையாக அமைத்திருந்தனர். சணல் கயிற்றில் இடைவெளி விட்டு இத்தகைய வெப்பமானிகளைக் கட்டி இறக்கினர். ஆழத்தைப் பாகக் கணக்கில் அளந்தனர். நம் கடற்கரை மீனவர்களும் இரு கை விரித்த அளவைப் பாகம் என்றே சொல்வர். ஏறத்தாழ ஆறு அடி.

இம்முறையிலும் குறைகள் இருந்தன. கீழே போகப்போகக் குளிர்ச்சி கூடும் என்ற எண்ணத்தில் அமைந்த கருவி இது. துருவக் கடல்களில் சில இடங்களில் மேலே குளிர்ந்த நீரும் அதற்குக் கீழே சற்றுச் சூடான நீரும் இருப்பதுண்டு. அங்கு இக்கருவி மேலே கண்ட குளிர்ச்சியையே காட்டிக்கொண்டிருக்கும். மேலும் நீரோட்டத்தில் கயிறு சாய்ந்து நிற்கும். ஓடும் வாய்க்காலில் கல் கட்டிய கயிற்றை விட்டுப் பார்த்தால் இது விளங்கும். நூறு பாகம் கயிறு விட்டால் நூறு பாக ஆழம் என்று கொள்ள முடியாது. உண்மை ஆழம் அதைவிடக் குறைவு.

இக்குறைகளை அக்குழுவினர் மறைக்கவில்லை. எந்த இடம், எந்த நாள், எந்த வெப்பமானி, எவ்வளவு கயிறு என்று அனைத்தையும் எழுதினர். பயணம் முடிந்த பின் டெய்ட் என்ற இயற்பியல் அறிஞர், அதே வெப்பமானிகளை அழுத்தப் பாத்திரத்தில் வைத்துச் சோதித்து, அழுத்தத்தால் வரும் பிழை முன்பு நினைத்ததைவிட மிகவும் சிறியது என்று காட்டினார். ஆய்வு அறிக்கை 1895 வரை ஐம்பது பெரிய தொகுதிகளாக வெளிவந்தது.

இதன் பயன் நெடுங்காலம் கழித்துக் கிடைத்தது. 2012ஆம் ஆண்டு டீன் ரோமிக் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் சாலஞ்சர் அளந்த அதே இடங்களில் இன்றைய அளவைகளை ஒப்பிட்டனர். மேற்பரப்பில் ஏறத்தாழ 0.6 டிகிரி செல்சியசும், 366 மீட்டர் ஆழத்தில் 0.4 டிகிரியும், 914 மீட்டர் ஆழத்தில் 0.1 டிகிரியும் கடல் சூடாகியிருப்பது தெரிந்தது. கயிறு சாய்ந்ததால் சாலஞ்சர் வெப்பமானிகள் குறித்த ஆழத்திற்குச் சற்று மேலேயே, அதாவது சற்றுச் சூடான நீரிலேயே, நின்றிருக்கும். ஆகவே உண்மையான உயர்வு இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கலாம் என்றும் அவர்கள் குறிப்பிட்டனர். பிழை எந்தப் பக்கம் சாயும் என்பது தெரிந்தால், பிழையுள்ள கணக்கும் பயன்படும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கவிழும் வெப்பமானி

1874ஆம் ஆண்டு இலண்டனிலிருந்த நெக்ரெட்டி – சாம்ப்ரா என்ற கருவித் தயாரிப்பாளர்கள் ஒரு புதிய வெப்பமானியைச் செய்தனர். காய்ச்சல் பார்க்கும் பாதரச வெப்பமானியின் குமிழுக்கு மேல் ஒரு குறுகிய கழுத்து உண்டு. அதனால்தான் வாயிலிருந்து எடுத்த பிறகும் பாதரசம் கீழே இறங்காமல் நிற்கின்றது. அதே தத்துவம்தான் இங்கும். இந்த வெப்பமானியை வேண்டிய ஆழத்தில் சிறிது நேரம் நிறுத்திவிட்டுத் தலைகீழாகக் கவிழ்த்தால், கழுத்துப் பகுதியில் பாதரசம் அறுந்து அந்த நேரத்து அளவு அப்படியே நிலைத்துவிடும். மேலே வரும் வழியில் எவ்வளவு சூடு பட்டாலும் அளவு பெரிதும் மாறாது. சிறு மாற்றத்தைக் கணக்கிட்டுக் கழித்துவிடலாம்.

கவிழ்ப்பதற்குக் கம்பி வழியே ஒரு சிறு எடையை நழுவ விடுவார்கள். அது கருவியைத் தட்டியதும் நீர்க்குடுவை மூடிக்கொண்டு வெப்பமானியுடன் கவிழும். நார்வே நாட்டு நான்சென் பெயரால் வழங்கும் குடுவை இவ்வகையைச் சேர்ந்தது. அழுத்தம் படாமல் உறையிட்ட வெப்பமானி ஒன்றும், உறையிடாதது ஒன்றும் சேர்த்து அனுப்பினால், இரண்டின் வேறுபாட்டிலிருந்து உண்மை ஆழத்தையும் கணக்கிடலாம். கயிறு சாய்ந்த குறையும் இதனால் நீங்கியது. ஒரு டிகிரியில் நூற்றில் இரண்டு பங்கு அளவுக்கு இக்கருவி நுட்பமானது.

இதிலுள்ள இடர்ப்பாடு ஒன்றே. கப்பலை நிறுத்த வேண்டும். மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே ஆய்வுக் கப்பல் சென்ற இடங்களில் மட்டுமே அளவை கிடைத்தது. கடலின் பெரும் பரப்பு அளக்கப்படாமலே கிடந்தது.

புகை படிந்த கண்ணாடித் துண்டு

1930களின் இறுதியில் அமெரிக்காவில் பணியாற்றிய அதல்ஸ்டன் ஸ்பில்ஹாஸ் என்பவர், பாத்திதெர்மோகிராப் என்ற கருவியை உருவாக்கினார். பித்தளையாலான வெடிகுண்டு போன்ற தோற்றமுடையது. அதனுள் திரவம் நிறைந்த மெல்லிய குழாய் வெப்பத்திற்கேற்ப ஒரு முள்ளை அசைக்கும். அழுத்தத்தால் சுருங்கும் ஓர் உறுப்பு, புகை படிந்த சிறு கண்ணாடித் துண்டை நகர்த்தும். கருவி இறங்கி ஏறும்போது முள் அக்கண்ணாடியில் கோடு கீறும். அக்கோடே ஆழத்திற்கேற்ப வெப்பம் மாறும் படமாகும்.

இரண்டாம் உலகப் போரின்போது இக்கருவிக்கு மிகுந்த தேவை ஏற்பட்டது. கடலில் வெப்பம் சட்டென்று குறையும் அடுக்கில் ஒலி வளைந்து செல்லும். அந்த அடுக்கிற்குக் கீழே மறைந்து நிற்கும் நீர்மூழ்கிக் கப்பலை மேலிருந்து ஒலியால் கண்டுபிடிப்பது கடினம். எனவே அந்த அடுக்கு எந்த ஆழத்தில் உள்ளது என்பதைப் போர்க் கப்பல்கள் அன்றாடம் அளந்தன. போர் முடிந்த பின்னும் பல ஆண்டுகள் இந்த வேலை தொடர்ந்தது. ஏறத்தாழ 280 மீட்டர் ஆழம்வரைதான் இது இறங்கும். எனினும் ஓடும் கப்பலிலிருந்தே பயன்படுத்தலாம் என்பதால் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட அளவைகள் சேர்ந்தன.

கம்பியுடன் விழும் கருவி

1960களில் அமெரிக்காவின் சிப்பிக்கன் நிறுவனம் இன்னும் எளிய கருவியை வெளியிட்டது. இதன் பெயர் எக்ஸ்.பி.டி. ஒரு முறை எறிந்தால் திரும்ப எடுக்க வேண்டியதில்லை. முனையில் வெப்பத்தை உணரும் தெர்மிஸ்டர் என்ற சிறு மின் உறுப்பு இருக்கும். தலைமுடி போன்ற மெல்லிய செம்புக் கம்பி ஒரு சுருளாகக் கருவியிலும், மற்றொரு சுருளாகக் கப்பலிலும் இருக்கும். இரு பக்கமும் கம்பி அவிழ்ந்துகொண்டே போவதால், முழு வேகத்தில் ஓடும் கப்பலிலிருந்தும் எறியலாம். வெப்ப அளவு கம்பி வழியே கப்பலுக்கு வந்துகொண்டிருக்கும். கம்பி தீர்ந்ததும் அறுந்துவிடும். வகைக்கேற்ப 460 மீட்டர், 760 மீட்டர் ஆழம்வரை அளவை கிடைத்தது.

ஆய்வுக் கப்பல்தான் வேண்டும் என்ற நிலை மாறியது. சரக்குக் கப்பல், பயணிகள் கப்பல் எதிலும் இதனைப் பயன்படுத்தலாம். வணிகக் கப்பல்கள் வழக்கமாகச் செல்லும் பாதைகளில் ஆண்டுதோறும் அளவைகள் குவிந்தன. இவையும் இருபது இலட்சத்தைத் தாண்டின. 1970 முதல் 2000 வரையிலான காலத்தில் கடலின் மேலடுக்கு வெப்பத்தைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும் பகுதி இக்கருவியால் வந்ததே.

பிழை எங்கே இருந்தது?

பாழுங்கிணற்றின் ஆழத்தை அறியக் கல்லைப் போட்டு, 'தொபுக்' என்ற ஓசை வரும்வரை எண்ணுவதுண்டு. எக்ஸ்.பி.டி.யும் ஏறக்குறைய அப்படித்தான். ஆழத்தை அளக்கும் உறுப்பு அதில் கிடையாது. எத்தனை நொடி விழுந்தது என்பதை வைத்து ஆழம் கணக்கிடப்படும். நொடிக்கு ஏறத்தாழ ஆறரை மீட்டர் விழும் என்று கொண்டு, தயாரிப்பாளர் ஒரு வாய்பாடு கொடுத்திருந்தார்.

அந்த வாய்பாடு முற்றிலும் சரியாக இல்லை. 1995ஆம் ஆண்டு ஜப்பான் நாட்டுக் கிமியோ ஹனாவாவும் பிற நாட்டு ஆய்வாளர்களும், ஒரே இடத்தில் எக்ஸ்.பி.டி.யையும் நுட்பமான மின்னணுக் கருவியையும் இறக்கி ஒப்பிட்டதன் முடிவை வெளியிட்டனர். பழைய வாய்பாட்டின்படி 60 நொடியில் கருவி ஏறத்தாழ 380 மீட்டரில் இருக்கும். புதிய கணக்கின்படி அது 393 மீட்டரில் இருக்கும். வேறுபாடு 13 மீட்டர். வெப்பம் விரைந்து மாறும் அடுக்கில் 13 மீட்டர் வேறுபாடு சிறியதன்று.

இதனோடு முடியவில்லை. விழும் வேகம் எல்லாக் கடலிலும் ஒன்றாக இல்லை. குளிர்ந்த நீர் சற்றுப் பிசுபிசுப்பு மிகுந்தது. அதில் கருவி மெதுவாக விழும். கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார் தென் துருவக் கடலில் இதனை ஆராய்ந்து 2002இல் வெளியிட்டனர். தயாரிப்பில் ஏற்பட்ட சிறு மாற்றங்களாலும் ஆண்டுக்கு ஆண்டு வேகம் மாறியது. ஆழத்தில் மட்டுமன்றி, வெப்ப அளவிலும் சற்றுக் கூடுதலாகக் காட்டும் பிழை இருந்தது.

2007ஆம் ஆண்டு விக்டர் கூரெட்ஸ்கி, பீட்டர் கோல்டர்மன் ஆகிய இருவரும் ஜெர்மனியிலிருந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். எக்ஸ்.பி.டி. அளவைகளை நான்சென் குடுவை அளவைகளுடனும் மின்னணுக் கருவி அளவைகளுடனும் உலகம் முழுவதற்கும் ஒப்பிட்டதில், எக்ஸ்.பி.டி. மொத்தத்தில் கடலை உண்மைக்கு மேல் சூடாகக் காட்டியது என்றும், அப்பிழை ஆண்டுக்கு ஆண்டு மாறியது என்றும் கண்டனர்.

இதன் விளைவு பெரிது. அதுவரை வெளிவந்த கணக்குகளில், 1970களில் கடல் திடீரெனச் சூடாகி, 1980களில் மீண்டும் குளிர்ந்தது போன்ற ஒரு மேடு தெரிந்தது. கணினியில் கடலைக் கணக்கிட்டுப் பார்த்தவர்களுக்கு அப்படி ஒரு மேடு வரவே இல்லை. கணினிக் கணக்கு தவறா, கடல் அளவை தவறா என்ற ஐயம் நெடுநாள் நீடித்தது. தவறு அளவையில்தான் இருந்தது. அந்த மேட்டில் பெரும் பகுதி கடலில் இல்லை, கருவியில் இருந்தது.

திருத்தம் எவ்வாறு செய்தனர்?

2008, 2009ஆம் ஆண்டுகளில் பல குழுவினர் பழைய அளவைகளைத் திருத்தினர். காட்டியா டொமிங்கஸ் தலைமையில் ஆஸ்திரேலியாவில் 2008இல் செய்த கணக்கின்படி, 1961 முதல் 2003 வரை கடலின் மேலடுக்கு சூடான வேகம் முன்பு கூறப்பட்டதைவிட ஏறத்தாழ 50 விழுக்காடு கூடுதல். ஆனால் 1993 முதல் 2003 வரையுள்ள பத்தாண்டுகளுக்கு மட்டும் பார்த்தால், முன்பு கூறியதைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு குறைவு. திருத்தம் ஒரு பக்கமாகவே போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விரும்பிய விடையை நோக்கிக் கணக்கைத் தள்ளியிருந்தால் இப்படி வந்திராது. 1970களின் மேடு மறைந்தது. ஆண்டுக்காண்டு சிறு ஏற்ற இறக்கம் இருந்தாலும், கடல் தொடர்ந்து சூடாகி வருகின்றது என்பது தெளிவாயிற்று.

இத்திருத்தத்திற்குத் துணை செய்தது எது? அளவையோடு எழுதி வைத்த குறிப்புகளே. எந்த வகைக் கருவி, எந்த ஆண்டில் செய்தது, எந்த வாய்பாட்டால் ஆழம் கணக்கிட்டது என்ற குறிப்பு இருந்த அளவைகளைத் துணிந்து திருத்த முடிந்தது. ஆனால் சேமிப்பிலுள்ள எக்ஸ்.பி.டி. அளவைகளில் ஏறத்தாழ பாதிக்கு எந்த வகைக் கருவி என்ற குறிப்பே இல்லை. 1995க்குப் பின் வந்த சிலவற்றில் பழைய வாய்பாடா, புதிய வாய்பாடா என்பதும் எழுதப்படவில்லை. முன்பே திருத்தியதை மீண்டும் திருத்தினால் புதிய பிழை உண்டாகும். எழுதி வைக்க ஒரு வரி போதும். அந்த ஒரு வரி இல்லாததால் பின்வந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் ஊகித்துக் காண வேண்டியதாயிற்று.

நமது கடலில்

இந்தியப் பெருங்கடல் மற்ற கடல்களைவிடப் பின்னரே அளக்கப்பட்டது. 1933–34இல் சீமர் சீவெல் தலைமையில் மபாஹிஸ் என்ற எகிப்தியக் கப்பல் அரபிக் கடலை ஆராய்ந்தது. 1952 முதல் அமெரிக்க அறிஞர் லாபாண்ட், ஆந்திரப் பல்கலைக் கழகத்துடன் சேர்ந்து வங்கக் கடலின் ஆழத்து வெப்பத்தை ஆராய்ந்தார். ஆண்டின் முற்பகுதி மாதங்களில் கிழக்குக் கரையோரம் அடியிலுள்ள குளிர்ந்த நீர் மேலே எழுவதை இவ்வாய்வுகள் காட்டின.

1960–65இல் பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணம் நடைபெற்றது. பல நாடுகளைச் சேர்ந்த நாற்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் பங்கு கொண்டன. நம் நாட்டின் சார்பில் கிருஷ்ணா என்ற கடற்படைக் கப்பலும் சென்றது. இதன் தொடர்ச்சியாகவே 1966இல் தேசியக் கடலியல் நிறுவனம் தோன்றியது. பின்னர் சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) இடையே ஓடும் கப்பல்களிலிருந்து எக்ஸ்.பி.டி. எறிந்து வங்கக் கடலை அளந்து வந்தனர்.

கங்கை, பிரமபுத்திரா, ஐராவதி ஆறுகளின் நன்னீரும் மழை நீரும் வங்கக் கடலின் மேல் பரவி நிற்பதால் அடி நீர் எளிதில் மேலே கலப்பதில்லை. எனவே இக்கடலில் மேற்பரப்பு வெப்பத்தை மட்டும் பார்த்து அடியிலுள்ளதைச் சொல்லிவிட இயலாது. ஆழத்து அளவை இங்கு கட்டாயம் தேவைப்படுகின்றது.

இன்று ஆர்கோ என்ற மிதவைகள் இப்பணியில் பெரும் பகுதியை ஏற்றுள்ளன. 2000ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய இத்திட்டத்தில் உலகக் கடல்களில் ஏறத்தாழ நாலாயிரம் மிதவைகள் உள்ளன. ஒவ்வொன்றும் பத்து நாளுக்கு ஒரு முறை 2000 மீட்டர் ஆழத்திலிருந்து அளந்துகொண்டே மேலே வந்து செயற்கைக் கோள் வழியே செய்தி அனுப்பும். இவற்றில் ஆழத்தை அளக்க அழுத்தமானி உண்டு. நொடிக் கணக்கு வேண்டியதில்லை. நம் நாட்டில் ஐதராபாத்திலுள்ள பெருங்கடல் தகவல் சேவை மையம் இவ்வளவைகளைத் தொகுக்கின்றது. புயல் காலத்தில் கடலில் எவ்வளவு வெப்பம் உள்ளது என்ற கணக்கை வானிலைத் துறையினரும் பார்க்கின்றனர்.

ஒன்றை நினைவில் கொள்ளல் வேண்டும். கடல் சூடு என்ற ஒன்றை மட்டும் வைத்து, நம் ஊரில் இந்த ஐப்பசியில் எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்யும் என்று யாராலும் சொல்ல இயலாது. புயலின் வலிமையையும் பருவத்தின் பொதுப் போக்கையும் கணிக்க உதவும் பல அளவைகளில் இதுவும் ஒன்று.

உழவர்கள் கடைப்பிடிக்க வேண்டியவை

கப்பல்களுக்கு நேர்ந்தது பண்ணைக் குறிப்பேட்டிலும் நேரலாம். மழைமானி வைத்துள்ள உழவர்கள் கீழ்க்கண்டவற்றைக் கவனித்தல் நலம்.

1. மழைமானியின் வாய்ப் பரப்பும் அளவுக் குவளையும் ஒன்றற்கொன்று பொருந்தியவையாக இருத்தல் வேண்டும். நம் நாட்டில் 100 சதுர செ.மீ., 200 சதுர செ.மீ. என இரு வாய்ப் பரப்புகள் உண்டு. பெரிய வாய்க்குச் சிறிய வாய்க்குரிய குவளையால் அளந்தால் மழை இரு மடங்காகத் தெரியும். குவளை உடைந்து புதியது வாங்கும்போது இதனைச் சரி பார்க்கவும்.

2. மழைமானியின் விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். அருகிலுள்ள மரம், சுவர் ஆகியவற்றின் உயரத்தைப் போல் குறைந்தது இரு மடங்கு தள்ளி வைக்கவும். அன்று சிறு கன்றாக இருந்த தென்னை இன்று மரமாகியிருக்கலாம், அதையும் கவனிக்கவும்.

3. நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளக்கவும். வானிலைத் துறையினரும் அந்நேரத்திலேயே அளப்பதால் ஒப்பிட வசதியாக இருக்கும். மழை இல்லாத நாளில் '0' என்று எழுதவும். அளக்காத நாளில் 'அளக்கவில்லை' என்று எழுதவும். இரண்டும் ஒன்றல்ல.

4. கருவியை மாற்றினாலும், இடம் மாற்றினாலும், அளப்பவர் மாறினாலும் அந்தத் தேதியைக் குறிப்பேட்டில் எழுதவும். மாற்றும்போது இயன்றால் பழைய கருவியையும் புதியதையும் ஒரு பருவம் அருகருகே வைத்து இரண்டையும் அளந்து எழுதவும். எக்ஸ்.பி.டி.யின் பிழை வெளிப்பட்டது இத்தகைய ஒப்பீட்டால்தான்.

5. பிழை கண்டால் பழைய எண்ணை அழிக்க வேண்டாம். பக்கத்தில் சரியான எண்ணையும், ஏன் திருத்தினோம் என்பதையும், திருத்திய தேதியையும் எழுதவும்.

இம்முறை மழைக்கு மட்டுமன்று. கிணற்று நீர்மட்டம், மண் ஆய்வு முடிவு, ஏக்கர் மகசூல், உரமிட்ட அளவு எதற்கும் பொருந்தும். மகசூலை மூட்டைக் கணக்கில் எழுதுவோர், மூட்டை எத்தனை கிலோ என்பதையும் எழுத மறக்கக் கூடாது.

சாலஞ்சர் கப்பலில் சணல் கயிற்றை இழுத்தவர்கள் தங்கள் எண்கள் 135 ஆண்டுகள் கழித்துப் பயன்படும் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். கயிற்றின் நீளத்தையும் வெப்பமானியின் வகையையும் அவர்கள் எழுதி வைத்ததால்தான் அவை பயன்பட்டன. இன்று நாம் எழுதும் பண்ணைக் குறிப்பேட்டை நாளை நம் மக்கள் எடுத்துப் பார்ப்பார்கள். எண்ணோடு சேர்த்து, அந்த எண் எவ்வாறு கிடைத்தது என்பதையும் அவர்களுக்காக எழுதி வைப்போம்.